ஜிம்ல சேரலாமா, வீட்டுலயே ஒரு ஜிம் போட்டுடலாமா? ஒரு பிசியோ சொல்றது

வலின்னு வர்றவங்க வலி கொஞ்சம் குறைஞ்சதும் தவறாம கேக்குற கேள்வி இது. பெரும்பாலும் பணக் கணக்கு போட்டுட்டு தான் வருவாங்க, ரெண்டு வருஷ மெம்பர்ஷிப் காசுல ஒரு ட்ரெட்மில் வந்துடுமே சார்னு. கணக்கு சரிதான், ஆனா அதை ரெண்டாவதா போடணும். முதல்ல பாக்க வேண்டியது வேற: உங்களுக்குப் பக்கத்துல ஆள் நின்னு பாக்கணுமா, இன்னும் ஆறு மாசத்துல எவ்வளவு வெயிட் தூக்க வேண்டி வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, கூடவே ரெண்டு நாளாவது பெரிய தசைகளுக்கெல்லாம் பலப்பயிற்சி. இதுல முதல் பாதிக்கு ஜிம்மும் வேணாம் மெஷினும் வேணாம், பேச முடியணும் ஆனா பாட முடியாத அளவு மூச்சு வாங்கணும், அந்த வேகத்துல நடந்தாலே போதும். வெளிய நடக்க வழியே இல்லன்னா தவிர, ட்ரெட்மில் கடைசியா வாங்க வேண்டிய பொருள், ஆனா எல்லாரும் முதல்ல வாங்குறது அதைத்தான்.

சிக்கல் ரெண்டாவது பாதில தான். தசைக்கு நீங்க எங்க நிக்கிறீங்கன்னு தெரியாது, பாரம் ஏறுதா இல்லையான்னு மட்டும் தான் தெரியும். வீட்டுல பயிற்சி பண்றவங்ககிட்ட நான் கேக்குற ஒரே கேள்வி, "கடைசியா எப்ப வெயிட் ஏத்துனீங்க?" அதுக்கு ஒரு அசட்டுச் சிரிப்பு வரும் பாருங்க! அதே அஞ்சு கிலோ டம்பெல், அதே 15 ரெப் (தடவை தூக்கி இறக்குறது), ஒரு வருஷமா ஓடிட்டு இருக்கும். கைக்கு அது கொஞ்ச நாள் தாங்கும், கால் தசை சீக்கிரமே பழகிடும். அப்புறம் ஒத்தக் கால்ல ஸ்குவாட், மெதுவா அஞ்சு எண்ணி இறங்குறது, முதுகுல பை மாட்டிக்கிறதுன்னு ஒப்பேத்தலாம், நிஜமாவே நல்லா வேலை செய்யும், ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. வயசானவங்களுக்கு ஜிம்மெல்லாம் எதுக்குன்னு கேக்குறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல, நாற்காலில இருந்து கை ஊனாம எந்திரிக்கணும்னா தொடைக்கு பாரம் வேணும், அவங்களுக்கு தான் உக்காந்து காலால பாரத்தைத் தள்ளுற லெக் ப்ரெஸ் மாதிரி மெஷின் ரொம்ப உதவும்.

அப்போ ஜிம் தான் பெஸ்ட்டா? போனா பெஸ்ட். டெல்லாவின்யா, மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006ல வெளியிட்ட ஆய்வுக்காக அமெரிக்காவுல மூணு ஹெல்த் கிளப்போட ரெக்கார்டை எடுத்துப் பாத்தாங்க. மாசம் 70 டாலருக்கு மேல கட்டினவங்க சராசரியா மாசத்துக்கு 4.3 தடவை தான் போயிருக்காங்க, தடவைக்கு 17 டாலருக்கு மேல ஆகுது, அதே கிளப்புல 10 தடவை பாஸ் வாங்கியிருந்தா தடவைக்கு 10 டாலர் தான். அதனால வருஷ பேக்கேஜ்ல தள்ளுபடின்னு சொன்னா உடனே கையெழுத்து போடாதீங்க. ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டி, நீங்க நிஜமா போகப்போற அதே நேரத்துக்குப் போய்ப் பாருங்க, உங்களுக்கு வேணும்கிற ரேக் (வெயிட் பாரைத் தாங்குற ஸ்டாண்டு) காலியா இருக்கான்னு. ட்ரெய்னர் வெயிட்டைக் கையில குடுக்குறதுக்கு முன்னாடி பிபி இருக்கா, பழைய ஆபரேஷன் ஏதாவது உண்டான்னு கேட்டாரான்னும் கவனிங்க. கேக்காம முதல் நாளே கால் நடுங்குற வரைக்கும் வேலை வாங்குறார்னா வேற ஜிம் பாருங்க. அப்படி அடிச்சுப் பண்ணிட்டு அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல தசை வீங்கி யூரின் ப்ரவுன் கலர்ல போச்சுன்னா அது சாதா உடம்பு வலி இல்ல, தசை சிதைஞ்சு கிட்னிக்குப் போற விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

வீட்டுல தனியா பண்றவங்களுக்கு நான் பயப்படுறது, படுத்துக்கிட்டு நெஞ்சு மேல இருந்து பாரைத் தூக்குற பெஞ்ச் ப்ரெஸ்ஸுக்கு தான். ஒலிம்பிக் பார் வெறுமனே 20 கிலோ, அதுல ப்ளேட்டு மாட்டி நெஞ்சு மேல இறக்கி மறுபடி ஏத்த முடியலன்னா தூக்கிவிட ஆள் கிடையாது. க்ளிப் போடாம இருந்தா ஒரு பக்கமா சாய்ச்சு ப்ளேட்டையாவது கீழ தள்ளலாம், க்ளிப்பும் போட்டுட்டா மாட்டிக்கிட்டீங்க. நெஞ்சுக்கு சரியா பக்கத்துல சேஃப்டி பின் (பார் விழுந்தா தாங்குற குறுக்குக் கம்பி) வைக்கிற ரேக் இல்லன்னா பார்பெல்லே வேணாம், டம்பெல் போதும், முடியலன்னா பக்கவாட்டுல விட்டுடலாம். ரெசிஸ்டன்ஸ் பேண்டை (இழுத்துப் பயிற்சி பண்ற ரப்பர் பட்டை) கதவுல மாட்டுறவங்க, நீங்க இழுக்குறப்ப கதவு மூடுற பக்கமா நின்னுக்கோங்க, திறக்குற பக்கமா நின்னு இழுத்தா ஒருநாள் கதவோட சேந்து பேண்ட் மூஞ்சிக்கு வரும். சின்னப் பசங்க இருக்குற வீட்டுல ட்ரெட்மில் சாவியை உருவி உயரத்துல வைங்க. 2021ல ஒரு குழந்தை இறந்ததுக்கு அப்புறம் பெலோட்டான் கம்பெனி தன்னோட ட்ரெட் ப்ளஸ் மாடலையே திரும்ப வாங்கிக்கிச்சு.

ஹார்ட் ப்ரொசீஜர் முடிஞ்சவங்க, பிபி கட்டுக்குள்ள வராதவங்க, டிஸ்க் பிரச்சனைல கால் மரத்துப் போறவங்க, நீங்க ரெண்டுக்குமே இப்ப போக வேணாம், டாக்டர் ஓகே சொன்னதும் முதல்ல ஆள் பாக்குற இடத்துல ஆரம்பிங்க. மத்தபடி புதுசா ஆரம்பிக்கிற யாருக்கும் நான் சொல்றது, ரெண்டு மூணு மாசம் ஜிம்ல ஃபார்மை, அதாவது சரியா பண்ற முறையை, கத்துக்கோங்க, போக முடியலன்னு தெரிஞ்சதும் வீட்டுக்கு மாத்திக்கலாம். வாங்குற வரிசையும் இதுதான்: மேட், பேண்ட், வெயிட் மாத்துற டம்பெல், ஒரு பெஞ்ச். ரேக் அப்புறம், அதுவும் கை ரெண்டையும் தலைக்கு மேல நீட்டி சீலிங் இடிக்குதான்னு பாத்துட்டு. இவ்வளவுக்கு அப்புறமும் ட்ரெட்மில் தான் வேணும்னா, கடைக்காரர் சொல்ற பீக் ஹார்ஸ்பவரைக் (மோட்டார் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் குடுக்குற உச்ச சக்தி) காதுல வாங்காதீங்க, கன்டினியூவஸ், அதாவது தொடர்ந்து குடுக்குற சக்தி, எவ்வளவுன்னு கேளுங்க.