பார்ஸ்னிப் முளைக்கவில்லையா? விதை உறையைத் திருப்பிப் பாருங்கள்

"தம்பி, கடைக்காரன் ஏமாத்திப் போட்டான். எல்லாம் செத்த விதை."

லண்டனின் வடமேற்கே அலாட்மென்டில் (காய்கறி போட வாடகைக்குக் கிடைக்கும் பொதுத் தோட்டம்) ஒரு துண்டு நிலம் வைத்திருக்கும் அம்மா ஒருவர் ஒரு ஏப்ரல் மாதத்தில் என்னிடம் இப்படிச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பழகிய கை. இங்கேயும் வெந்தயக்கீரை, பூசணி, பீன்ஸ் எல்லாம் அவருக்குச் சொன்னபடி கேட்கும். கேரட் மாதிரி இருக்கும் வெளிர் நிறக் கிழங்கான பார்ஸ்னிப் மட்டும் மூன்று வருடமாக வரவில்லை.

விதை உறையைக் காட்டச் சொன்னேன். கொட்டகையிலிருந்து எடுத்து வந்தார். வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பின்பக்கம் அச்சிட்டிருந்த தேதி கடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடமும் அதே உறைதான். சரி, முதல் வருடம் விதை புதிதாகத்தானே இருந்தது, அப்போது ஏன் வரவில்லை? எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். "பிப்ரவரியில. உறையில அப்பிடித்தானே போட்டிருக்கு" என்றார்.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. பார்ஸ்னிப் வரவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோரின் கதை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று பழைய விதை, இல்லையென்றால் குளிர்ந்த மண்.

தக்காளி விதையை நாலைந்து வருடம் வைத்திருந்தாலும் முளைக்கும். பார்ஸ்னிப் விதை அப்படி இல்லை. காகிதச் சருகு மாதிரி தட்டையாக, எடையே இல்லாமல் இருக்கும். முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். ஒவ்வொரு வருடமும் புது விதை வாங்குங்கள். வாங்கியதிலும் சந்தேகம் இருந்தால் இருபது விதையை ஈரமான சமையலறைக் காகிதத்தில் பரப்பி, ஒரு டப்பாவில் மூடி, வீட்டுக்குள் வையுங்கள். பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் வெள்ளையாக வேர் நுனி எட்டிப் பார்க்கும். மூன்று வாரம் ஆகியும் பாதிகூட முளைக்கவில்லை என்றால் அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முளைத்ததை வீணாக்க வேண்டாம். வேர் சில மில்லிமீட்டர் இருக்கும்போதே ட்வீசரால் மெதுவாக எடுத்து நேராகப் பாத்தியில் வைத்துவிடலாம். அதற்கு மேல் நீள விட்டால் நுனி ஒடியும். நுனி ஒடிந்த கிழங்கு இரண்டாக, மூன்றாகக் கிளை பிரிந்துதான் வரும்.

பிப்ரவரியில் விதைக்கலாம் என்று பல உறைகளில் இன்னும் அச்சிடுகிறார்கள். லண்டன் களிமண்ணில் அந்த மாதம் கையை வைத்துப் பாருங்கள், பனிக்கட்டி மாதிரி இருக்கும். 7 டிகிரிக்குக் கீழே விதை சும்மா கிடந்து அழுகத்தான் செய்யும். மார்ச் கடைசியோ ஏப்ரலோ போதும். மே தொடக்கத்தில் போட்டவர்களுக்கும் நல்ல கிழங்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். தாமதமாகப் போட்டால் இன்னொரு லாபமும் உண்டு. கிழங்கின் தோளில் செம்பழுப்பாகத் தொடங்கிக் கறுத்துப்போகும் கேங்கர் அழுகல் சீக்கிரம் விதைத்த பயிரில்தான் அதிகம்.

காற்றில்லாத நாளாகப் பார்த்து விதையுங்கள், இல்லாவிட்டால் விதை பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். ஒரு செண்டிமீட்டர் ஆழத்தில், 15 செண்டிமீட்டருக்கு ஒரு இடமாக, இடத்துக்கு மூன்று விதை. வரிசைக்கு வரிசை 30 செண்டிமீட்டர். முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும், சில சமயம் அதற்கும் மேல். இந்த இடைவெளியில்தான் பலர் பொறுமை இழந்து பாத்தியைக் கொத்திவிடுகிறார்கள். நடுநடுவே முள்ளங்கி விதை இரண்டைப் போட்டு வையுங்கள். அது ஒரு வாரத்திலேயே முளைத்து வரிசை எங்கே போகிறது என்று காட்டிவிடும், களை எடுக்கும்போது கை தவறாது. பார்ஸ்னிப் பெரிதாவதற்குள் முள்ளங்கியைச் சாம்பாருக்குப் பிடுங்கிவிடலாம். முளைத்த மூன்றில் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கலைத்துவிடுங்கள். பிடுங்கி வேறிடத்தில் நட ஆசைப்படாதீர்கள், ஆணிவேர்ப் பயிர் அதைத் தாங்காது.

புதுத் தொழு உரம் வேண்டாம், அதிலும் கிழங்கு கிளைக்கும். போன வருடம் உரம் போட்ட பாத்தியே போதும். கல்லும் களிமண்ணுமாக இருந்தால் போட்டிக்கு வளர்ப்பவர்கள் செய்கிற வேலையைச் செய்யலாம்: கடப்பாரையைக் குத்திச் சுழற்றி, புனல் வடிவில் ஆழமாகக் குழி எடுத்து, சலித்த மக்கிய உரமும் மணலும் நிரப்பி, அதன் தலையில் விதைப்பது. ரகம் என்றால் கேங்கரைத் தாங்கும் கிளாடியேட்டரைத்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்வேன். கேரட் ஈ இதையும் விடாது, மெல்லிய வலை போட்டு மூடிவிடுங்கள்.

இனிமேல் சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். விதை உறைகளில் இது அநேகமாக இருப்பதில்லை.

ஒரு ஜூலை மாதம், நல்ல வெயில். பாத்தி நெருக்கமாகிவிட்டது என்று ஒரு நண்பர் அரைக்கை பனியனோடு இறங்கி, தழைத்து நின்ற பார்ஸ்னிப் இலைகளை ஒதுக்கி ஒதுக்கி மதியம் முழுக்கக் களை எடுத்தார். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை முன்கையில் கோடு கோடாக எரிச்சல். அதற்கடுத்த நாள் கோடுகளின் மேலேயே கொப்புளம். கொதிக்கிற எண்ணெய் தெறித்ததா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். இலையைப் பற்றியோ தோட்டத்தைப் பற்றியோ நண்பர் வாயே திறக்கவில்லை, ஏனென்றால் அது அவருக்கே தோன்றவில்லை. கொப்புளம் ஆறிய பிறகு அந்தக் கோடுகள் கறுத்துப்போய், அடுத்த வசந்தம் வரை அப்படியே இருந்தன.

பார்ஸ்னிப்பின் இலையிலும் தண்டிலும் உள்ள சாற்றில் ஃபியூரனோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. சாறு தோலில் பட்டு, அதன் மேல் வெயில் பட்டால், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். இது ஒவ்வாமை இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் வரும். ஒரு நாள் தள்ளி வருவதால் காரணம் பிடிபடுவதில்லை. நம் நிறத் தோலில் தொடக்கச் சிவப்பு சரியாகத் தெரியாது, பின்னால் வரும் கறுப்புத் தழும்போ மாதக்கணக்கில் போகாது.

அதனால் முழுக்கைச் சட்டை, கையுறை, முழுக்கால் உடை. இலையில் கை வைக்கிற வேலையை மேகமூட்டமான நாளிலோ சாயங்காலமோ வைத்துக்கொள்ளுங்கள். சாறு பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தை இரண்டு நாளாவது வெயில் படாமல் மூடி வையுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் மருத்துவரிடம் போங்கள், போனால் தோட்டத்தில் எந்தச் செடியைத் தொட்டீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். அரைக்கால் சட்டையோடு குழந்தைகளை இந்தப் பாத்திக்குள் விளையாட விடாதீர்கள். கிழங்கைச் சமைத்துச் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

அறுவடைக்கு அவசரமே இல்லை. உறைபனி இரண்டு மூன்று முறை விழட்டும். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அக்டோபரில் சப்பென்று இருந்த கிழங்கு கிறிஸ்துமஸ் சமயத்தில் தேன் மாதிரி இருக்கும். குளிரில் இலை மடிந்து இடம் தெரியாமல் போகும், முன்னாலேயே குச்சி நட்டு வையுங்கள். பிடித்து இழுக்காமல் முள்கரண்டி மண்வெட்டியைப் பக்கத்தில் இறக்கி நெம்பி எடுங்கள். பிப்ரவரி முடிவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், மறுபடி துளிர்த்தால் கிழங்கு நார் கட்டிவிடும்.

அந்த அம்மாவுக்கு அந்த வருடம் புது விதை வாங்கிக் கொடுத்து ஏப்ரல் கடைசியில் போட வைத்தேன். டென்டர் அண்ட் ட்ரூ என்ற பழைய ரகம். ஜனவரியில் முழங்கை நீளத்தில் கிழங்கு எடுத்தார். எல்லாவற்றையும் எடுக்காமல் விதைக்காக நல்லதாக நாலைந்து கிழங்கை மண்ணிலேயே விடச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் வருடம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, மஞ்சள் குடை மாதிரி பூக்கும். கோடை முடிவில் விதை பழுப்பாகக் காய்ந்ததும், கையுறையோடு, வெயில் தாழ்ந்த பிறகு உதிர்த்து எடுக்கலாம். கிளாடியேட்டர் மாதிரி வீரிய ஒட்டு (F1) ரகத்தில் இது சரிவராது, பழைய ரகத்தில் நன்றாக வரும். எடுத்த விதையைப் போட காகித உறை ஒன்று கொடுத்துவிட்டு வந்தேன். அதன் மேல் வருடத்தை எழுதியாகிவிட்டது.