வெறும் வயிற்றில் 112, ஹெச்பிஏ1சி 8.2: எது பொய்?

ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 இருக்கும். அதற்குக் கீழேயே, இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2 என்று இருக்கும். பார்த்தவுடன் லேபின் மீதுதான் சந்தேகம் வரும். ஆனால் பெரும்பாலும் இரண்டு எண்ணும் சரியானவைதான்.

8.2 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தச் சர்க்கரையின் சராசரி ஏறத்தாழ 189 மி.கி. காலையில் 112-ல் இருப்பவருக்குச் சராசரி 189 வருகிறதென்றால், பகலில் எப்போதோ அது 200-ஐத் தாண்டிப் போய்வருகிறது. அந்த நேரத்தில் யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைத்துக் காட்டும். அதனால் ஹீமோகுளோபின் அளவையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

சாப்பிட்ட பின் எடுக்கும் பரிசோதனையில் நடப்பது இன்னொரு கதை. மற்ற நாளில் ஐந்து இட்லி சாப்பிடுபவர் டெஸ்ட் அன்று இரண்டோடு எழுந்துவிடுவார். வேறு சிலர் அன்றைக்கு மாத்திரையையே விட்டுவிடுவார்கள். முதலாமவர் எண் குறைவாகவும், அடுத்தவர் எண் கூடுதலாகவும் வரும். இரண்டுமே சிகிச்சையைத் தவறான பக்கம் இழுக்கும். வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். எழுந்து கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஜோடியாகப் பாருங்கள். ஒருநாள் காலை உணவுக்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும். இன்னொரு நாள் மதியம். மற்றொரு நாள் இரவு. வாரத்துக்கு ஆறு ஸ்ட்ரிப் போதும். தினமும் காலையில் ஒன்று என்று ஏழு ஸ்ட்ரிப் செலவழிப்பதைவிட இந்த ஆறு அதிகம் சொல்லும். பெரும்பாலோருக்கு உணவுக்கு முன் 80 முதல் 130, பின்பு 180-க்குள் என்பது இலக்கு. கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் இறுக்கம், முதியவர்களுக்குத் தளர்வு. மருத்துவர் சொல்லும் எண்ணே கணக்கு. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்று எழுதுங்கள். ‘சோற்றை விட்டுவிட்டேன்’ என்பவரின் நோட்டில் இரவு நான்கு சப்பாத்தி இருக்கும், சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கருவி தவறாகக் காட்டுவதற்குப் பல நேரம் காரணம் விரல்தான். மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டிய சர்க்கரையும் சேர்ந்து எண் எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைப்பது இதற்குப் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈர விரலில் ரத்தம் நீர்த்துப்போகும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லையென்று அழுத்திப் பிதுக்கினால் திசுநீரும் கலந்து வரும். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி நீவிவிடுங்கள். வீட்டில் இருவருக்குச் சர்க்கரை என்றாலும் ஒரே ஊசியை, குத்தும் கருவியைப் பகிரக் கூடாது. ஹெபடைடிஸ் பி பரவும் வழி அது.

அடுத்த எதிரி ஈரப்பதம். ஸ்ட்ரிப்பில் உள்ள நொதியை அது கெடுக்கும். டப்பாவை அடுப்பு மேடையிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைக்காதீர்கள். ஒன்றை எடுத்தவுடன் மூடுங்கள். திறந்த தேதியை டப்பாவிலேயே எழுதுங்கள், ஏனென்றால் திறந்தபின் பல நிறுவன ஸ்ட்ரிப்களுக்கு ஆயுள் சில மாதங்கள்தான்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் 15 சதவீத வித்தியாசம் கருவிக்கு அனுமதிக்கப்பட்டதே. லேபில் 200 என்றால் வீட்டில் 170-ம் வரலாம், 230-ம் வரலாம். 148-க்கும் 156-க்கும் இடையில் கவலைப்பட எதுவும் இல்லை. லேபோடு ஒப்பிட வேண்டுமானால் வெறும் வயிற்றில், அதே நேரத்தில் ஒப்பிடுங்கள். சாப்பிட்ட பின் விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் தாழ்நிலையை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதை, தெரிந்துவைத்திருக்க வேண்டும். படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், திடீர்ப் பசி வந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால், அல்லது பார்க்கக் கருவி இல்லையென்றாலும், 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. ஏறவில்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை. சாக்லேட், பிஸ்கட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். உங்கள் மாத்திரைச் சீட்டில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் சமையலறையில் இருக்கும் சர்க்கரை அவசரத்துக்கு உதவாது, அதைச் செரிக்கும் வேலையைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. நேரடியாகக் குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.