ஃபைபர் போட்டும் தண்ணி குடிக்கும்ங்க

மலை மேல ஒரு காபி தோட்டத்துக் குளத்துல ஓடிட்டிருந்த துடுப்பு போட் ஒண்ணு போன வாரம் பட்டறைக்கு வந்துச்சு, குட்டியானைல இருந்து நாலு பேரால இறக்க முடியல, அவ்ளோ கனம். அடியில வெடிப்பு, அது மேல எம்-சீல், அதுக்கு மேல இன்னொரு எம்-சீல், அப்புறம் பெயிண்ட். "ஃபைபர் தானேண்ணா, அதுக்கு என்ன ஆயிடப் போகுது?"ன்னு கேக்கறாரு ஓனர். மழை முடிஞ்சு வர்ற எல்லாரும் இதையே கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

மேல பளபளன்னு இருக்கே ஜெல்கோட், அது சுமார் அரை மில்லி கனம் தாங்க. கல்லுல உரசி கீறல் விழுந்தா தண்ணி உள்ள இருக்கற கண்ணாடி நார் வழியா ஊறிக்கிட்டே போகும். கீறலே இல்லன்னாலும் வருஷம் பூரா தண்ணியிலயே கிடந்தா மெதுவா இறங்கத்தான் செய்யும், அப்புறம் அடியில கொப்புளம் கொப்புளமா கிளம்பும், குத்துனா வினிகர் வாடையோட பீச்சியடிக்கும் (கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம குத்தாதீங்க, ஆசிட் அது). "அதெல்லாம் கடல் போட்டுக்கு, நம்மளது நல்ல தண்ணி"ன்னு வேற சொல்றாங்க. நேர் தலைகீழ்! கொப்புளத்துக்குள்ள இருக்கற கரைசல் கெட்டி, வெளிய தண்ணி எவ்ளோ சுத்தமோ அவ்ளோ வேகமா உள்ள இழுக்கும், அதனால உப்புத் தண்ணிய விட குளத்துத் தண்ணியில தான் இது சீக்கிரம் வரும்.

ஈரத்து மேல எதை ஒட்டினாலும் நிக்காது. வடகிழக்கு மழை ஓஞ்சதும் ஜனவரியிலயே கரையேத்திடுங்க, காயவே வாரக்கணக்கு ஆகும். ஏப்ரல் கடைசியில கொண்டாந்து மே சீசனுக்கு வேணும்னு நின்னா நான் என்ன பண்றது? காஞ்சுச்சான்னு பாக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை அடியில சுத்தியும் டேப் போட்டு ஒட்டி வெயில்ல விடுங்க, உள்பக்கம் வேர்த்தா இன்னும் ஈரம் இருக்கு.

ஏற்காடு பனியில மேலயே வேலைய முடிச்சிடலாம்னு பாக்காதீங்க, 15 டிகிரிக்குக் கீழ போனா கண்ணாடி நாரை ஒட்டற பசை, அதான் பாலியஸ்டர் ரெசின், ஒழுங்கா இறுகாது. கீழ கொண்டு வாங்க, சேலத்து வெயில் இதுக்காவது உதவட்டும். இறங்கற வழியில 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, வண்டியில கவுத்துப் போட்டு அடியில பழைய டயர் வச்சு கட்டுங்க, ரெண்டு கல்லு மேல நிறுத்தி வச்சா அடிப்பாகம் வளைஞ்சிடும். வெடிப்பை ஒட்டறப்ப கனத்துக்கு 12 மடங்கு அகலம் சரிவா தேய்ச்சுட்டுத் தான் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) போடணும், 5 மில்லின்னா 60 மில்லி, அதுவும் வெடிப்புக்கு ரெண்டு பக்கமும்.

தானே பண்றவங்க ஒண்ணு கேளுங்க. ரெசின் இறுக அதுல சேக்கற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணா கலக்கவே கூடாது, வெடிச்சிடும். ரெசின்ல ஒண்ணைக் கலந்து முடிச்சப்புறம் தான் இன்னொண்ணு. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணுல பட்டா பார்வையே போயிடலாம்.

போட் முன்ன விட கனமா தெரிஞ்சா தயவுசெஞ்சு ஆளை ஏத்தாதீங்க. சீட்டுக்கு அடியில இருக்கற ஃபோமும் தண்ணி குடிச்சிருக்கலாம், கவுந்தா அது மெதக்க விடாது. லீவுக்கு வர்ற குழந்தைங்க ஏறுற போட்ங்க அது, மொதல்ல சீட்டைக் கழட்டிப் பாருங்க.