மென்ஹிர் என்பது நடுகல் அன்று, நெடுங்கல்

உருவமோ எழுத்தோ இல்லாமல் ஆளுயரத்துக்கு மேல் ஒற்றையாக நிற்கும் பெருங்கற்காலக் கல்லின் படத்தைப் போட்டு, அதன் கீழே 'பழமையான நடுகல்' என்று எழுதிய செய்தியை இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை படித்துவிட்டேன். வேறு எவர் செய்தாலும், தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இந்தப் பிழையைச் செய்யலாகாது.

இவ்வகைக் கல்லைத் தொல்லியலார் 'மென்ஹிர்' என்பர். அது பிரான்சின் மேற்குக் கோடியில் வழங்கும் பிரெத்தோன் மொழிச் சொல். 'மென்' என்றால் கல், 'ஹிர்' என்றால் நீண்ட. 'நெடுங்கல்' அதற்குச் சொல்லுக்குச் சொல் நேர்.

'நட்ட கல்லெல்லாம் நடுகல்தானே' என்று வாதிடுவோர் உண்டு. நான்கு கால் உள்ளதெல்லாம் நாற்காலி ஆவதில்லை. காரணச் சிறப்புப்பெயர் என்று இலக்கணம் இதைத்தான் சொல்கிறது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்று வரிசைப்படுத்துவது போரில் பட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் முறையை. 'பெயரும் பீடும் எழுதி' என்று அகநானூற்றின் 67ஆம் பாட்டு நடுகல்லின் இலக்கணத்தையே சொல்லிவிடுகிறது. நம் பக்கத்தில் வேடியப்பன் என்று பொங்கலிட்டுக் கும்பிடும் கற்களைப் பாருங்கள்: வில்லோ வாளோ ஏந்திய வீரன், பலவற்றில் மன்னனின் ஆட்சியாண்டோடு வட்டெழுத்து. நெடுங்கல்லில் இவை எவையும் இல்லை.

இரண்டையும் சமாதானப்படுத்த 'நெடுநிலை நடுகல்' என்றொரு தொடரையும் ஆய்வாளர் சிலர் ஆள்கின்றனர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துப் பொறித்த நடுகற்கள், நெடுங்கல் மரபிலிருந்தே நடுகல் கிளைத்தது என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. அதை நானும் ஏற்கிறேன். ஆனால் கிளைத்ததன் பெயரை வேருக்கு இட்டால், கிளைத்த கதையையே சொல்ல முடியாமல் போகும்.

இது வெறும் சொற்சண்டையன்று. நெடுங்கல் பெரும்பாலும் ஈமக்காட்டை ஒட்டி நிற்பது. எழுத்தில்லாத காலத்து மக்களின் இருப்பைக் காட்டும் தடயம் அது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்வதாக 2022இல் அறிவித்தார்களே, அந்த இரும்புக்காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய கல்லை நடுகல் என்றால், பார்ப்பவர் எழுத்தைத் தேடுவார்; இல்லையென்றதும் மதிப்பற்றது என்று விட்டுவிடுவார். ஈமக்குழிகளைச் சுற்றி வட்டமாக வைத்த கற்களான கல்வட்டங்கள் பொக்லைனுக்கு இரையாவது அதன் பிறகுதான்.

மக்கள் வழக்கில் இதற்குக் குத்துக்கல் என்று பெயர். எல்லைக்கல்லுக்கும் அதுவே பெயராதலால் கலைச்சொல்லுக்கு நெடுங்கல்லே பொருந்தும். ஆயினும் ஊருக்குள் விசாரிக்கும்போது குத்துக்கல் என்றே கேட்க வேண்டும். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பெரியவரிடம் நடுகல் எங்கே என்று கேட்டேன். நேராக வேடியப்பன் கோயிலுக்கு அழைத்துப் போனார். குத்துக்கல் என்று சொன்ன பிறகுதான், கேழ்வரகுக் கொல்லையின் வரப்போரம் நின்ற கல்லைக் காட்டினார்.