பணம் வந்துவிட்டது, எந்தக் கணக்கில்?

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம். பி.காம். முதலாண்டு மாணவி ஒருத்தி ஜவுளிக்கடைப் பையோடு துறை அறை வாசலில் நின்றாள். "எல்லாருக்கும் ஆயிரம் ரூபாய் ஏறிடுச்சு சார். எனக்கு மட்டும் வரல." பைக்குள் ஆதார், பாஸ்புக், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். பாஸ்புக்கில் முந்தின நாள்தான் பதிவு போட்டு வாங்கியிருந்தாள். உண்மையிலேயே ஒரு வரவும் இல்லை.

ஆதார் இணையதளத்தில் அவள் எண்ணைப் போட்டு, எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம் என்றேன். ஓடிபி அம்மாவின் போனுக்குப் போனது. அம்மா களையெடுக்கப் போயிருந்தார். மூன்றாவது ஓடிபியில்தான் உள்ளே போக முடிந்தது. திரையில் தெரிந்தது வேறொரு வங்கியின் பெயர். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கே வந்து முகாம் போட்டுத் தொடங்கிக் கொடுத்த கணக்கு, அவளுக்கு நினைவே இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தால், பணம் இரண்டு மாதமாக அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தது.

கவுண்டரில் "ஆதார் இணைச்சாச்சு, போங்க" என்று சொல்வதும், அரசுப் பணம் வந்து சேர வேண்டிய கணக்காக அது பதிவாகியிருப்பதும் வேறு வேறு. ஓர் ஆதாரை எத்தனை கணக்கோடும் இணைக்கலாம். ஆனால் அரசு நேரடியாகப் போடும் பணம் ஒரே இடத்துக்குத்தான் போகும்: கடைசியாக எந்த வங்கியில் 'சீடிங்' (அரசுப் பணத்துக்கான அந்தப் பதிவு) செய்தோமோ, அங்கே.

பதினாறு வருடமாக வணிகவியல் நடத்துகிறேன். கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பும் ஏழெட்டு வருடமாக என் தலையில். தகுதி இல்லாமல் உதவி கிடைக்காதவர்களைவிட, இப்படி ஒரு சின்ன முடிச்சில் சிக்கி, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆயிரம் ரூபாய், புதுமைப் பெண் திட்டப் பணம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். கல்லூரி தரும் 'யூமிஸ்' எண் (உயர்கல்வி மாணவர் பதிவு எண்) மட்டும் கையில் இருக்கட்டும்.

பெரும்பாலான வணிகவியல் மாணவர்கள் கேள்விப்படாதது ஒன்று உண்டு. மத்திய அரசின் உதவித்தொகை, ஆண்டுக்கு 12,000 ரூபாய், தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருடத்துக்கு 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள், பாதி பெண்களுக்கு. அறிவியல், வணிகவியல், கலை என்று 3:2:1 விகிதத்தில் பிரிக்கிறார்கள். அதாவது நம் பிள்ளைகளுக்கென்று தனிப் பங்கே இருக்கிறது! பிளஸ் டூவில் உங்கள் பிரிவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் முன்னால் என்றிருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள். நம் ஊர் இனிஷியலைப் புரிந்துகொள்ளும் கணினியை நான் இதுவரை பார்க்கவில்லை.

இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. இந்தத் தொகையை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் இருந்தால் போதும். அறிவிப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன். ஒருமுறை கிடைத்தால் மூன்று வருடமும் தானாக வரும் என்று நினைத்திருந்த ஒரு பையனுக்கு இரண்டாம் ஆண்டுப் பணம் கிடைக்காமலே போயிற்று. அதற்கப்புறம் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்கிறேன்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் காத்திருக்கும் பி.காம். மாணவர்களையும் ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறேன். அந்தச் சான்றிதழுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கானது. அந்த நேரத்தில் வருமானச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பணம் ஒரு பக்கம். முதலாண்டில் ஆள் காணாமல்போவதற்கு இன்னொரு காரணம் கணக்குப்பதிவியல். பிளஸ் டூவில் வேறு குரூப் எடுத்துவிட்டு வந்தவர்கள் இரண்டாவது வாரத்திலேயே திணறுகிறார்கள். மளிகைக்கடைக்காரர் மகன் ஒருவன், ரொக்க விற்பனையை விடாமல் ரொக்கக் கணக்கின் கிரெடிட் பக்கத்தில் எழுதினான். சிவப்பு மையில் அடித்து அடித்து எனக்கே அலுத்துவிட்டது. கேட்டால், "காசு வந்தா வரவுதானே சார்? எங்க கடை நோட்டுல அப்படித்தான். பேங்க் மெசேஜ்லயும் பணம் வந்தா கிரெடிட்டுன்னுதானே வருது?"

நியாயமான கேள்வி. பாடப்புத்தகத் தமிழில் கிரெடிட்டுக்கு வரவு, டெபிட்டுக்குப் பற்று. ஆனால் விதியோ, உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்கிறது. வீட்டில் பேசும் வரவு வேறு, இந்த வரவு வேறு. மூன்று மாதம் நான் நடத்திப் புரியாததை மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் சனிக்கிழமை வகுப்பில் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் முடித்தான். "இது பேங்க் எழுதுற நோட்டுடா, உன் நோட்டு இல்ல. நீ காசு போட்டா அவங்க உனக்குத் தர வேண்டிய கடன் கூடுது. அதான் கிரெடிட். உன் நோட்டுல அதே காசு டெபிட்."

அந்தச் சனிக்கிழமை வகுப்பு பத்துப் பேரோடு, மின்விசிறி ஓடாத ஓர் அறையில் தொடங்கியது. சீனியர்கள் சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் அங்கே வாயைத் திறக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் இப்படி ஒன்று இல்லையென்றால், துறைத்தலைவரிடம் ஓர் அறையின் சாவியைக் கேளுங்கள். வேறு செலவு கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். ஃபவுண்டேஷனில் தோற்றுவிட்டு எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் பாடங்கள் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' வகுப்பை வெறும் மதிப்பெண்ணுக்காக ஓட்டிவிடாதீர்கள். பட்டம் முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு தொழில்பழகுநர் பயிற்சி உண்டு. அதற்கான தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்ப வேண்டாம்.

அரியர் விழுந்து, வீட்டில் சொல்ல முடியாமல், தூக்கம் வராத இரவுகளுக்கு 14416. டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அந்த ஜவுளிக்கடைப் பை மாணவி இப்போது இரண்டாமாண்டு. இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களின் வங்கி இணைப்பைச் சரிபார்க்கும் வேலையை அவளிடம்தான் கொடுத்திருக்கிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்ட முதல் அறிவிப்பு: "நாளைக்கு வரும்போது அம்மா போனைக் கையோடு வாங்கிட்டு வாங்க."