அது அந்தி வானம் இல்லீங்க, பழைய வார்னிஷ்

இந்த வருஷத்தில் இது நான்காவது. போர்வை சுற்றி, காரின் பின்சீட்டில் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் பழைய ஓவியங்களைச் சீரமைக்கும் என் பட்டறைக்கு வந்த எண்ணெய் ஓவியம். கிணற்றடியில் குடத்தோடு ஒரு பெண், வண்டிப் பக்கத்தில் ஒருவன். “பொழுது சாயற நேரத்துல பிரிஞ்சு போறான் கண்ணு” என்றார் கொண்டுவந்த பாட்டி. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் இதுதான் கதை.

சட்டத்தைக் கழற்றினேன். விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த அரை விரல் அகலத்துக்கு வானம் நீலம். நிழலைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. உச்சி வெயில்!

மஞ்சளைப் பார்த்ததும் அந்தி, பழுப்பைப் பார்த்ததும் சோகம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஓவியர் தீட்டியது வேறு, பிறகு மேலே ஏறியது வேறு. மரப்பிசின் வார்னிஷ் நாள்பட மஞ்சளாகும், அதன்மேல் கணப்புப் புகை வேறு. ஆம்ஸ்டர்டாம் ஓவியர் ரெம்பிராண்ட் 1642-ல் முடித்த படத்துக்கு ‘இரவுக் காவல்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டதே இப்படித்தான். அது பகல் காட்சி; கறுத்த வார்னிஷை 1940களில் எடுத்த பிறகுதான் வெளிச்சம் தெரிந்தது. ஆம்ஸ்டர்டாமிலேயே ஏமாந்தார்கள், ஏற்காட்டில் ஏமாறக் கூடாதா? ஏமாறலாம். சுத்தம் செய்கிறேன் என்று உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கத்தான் கூடாது.

தேய்த்திருக்கிறார்கள். அதுவும் கன்னத்தில். கன்னத்துச் சிவப்பைப் பெரும்பாலும் கடைசியில் மெல்லிய பூச்சாகத்தான் தருவார்கள், தேய்த்தால் முதலில் போவதும் அதுதான். அந்தப் பெண்ணின் வெட்கம் கிழங்கோடு போய்விட்டது. இது காதல் காட்சி என்பதற்குப் படத்தில் இருந்த ஒரே சாட்சி அதுவாகக்கூட இருந்திருக்கலாம். இனி நான் பூசி வைத்தால் அது என் வெட்கம், அவள் வெட்கம் இல்லை.

தயவுசெய்து தேங்காய் எண்ணெய், எலுமிச்சை, சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். வண்ணம் உரியாமல் இருந்தால் மட்டும் மெத்தென்ற உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். உரிந்திருந்தால் தொடவே தொடாதீர்கள். கணப்புக்கு மேல் மாட்டாதீர்கள். மலையில் மழைக்காலத்துச் சுவர் ஓதம் கேன்வாஸுக்கு ஏறும், சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிவிட்டால் காற்றோட்டம் இருக்கும். அப்புறம், பூசணம் பிடித்ததென்று வெயிலில் காயப்போடாதீர்கள். அப்பளமா அது?

கிளம்பும்போது பாட்டி கேட்டார், “அப்போ அவன் போறானா, வர்றானா கண்ணு?” வண்டியில் மாடு பூட்டியிருக்கிறதா, அவிழ்த்து விட்டிருக்கிறதா என்று பார்த்தால் சொல்லிவிடலாம். அந்த மூலை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. இரண்டு மாதம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.