நெல்லும் பொலியும்: சொல்லைப் பொருளோடு கட்டுவது எது?

மட்டக்களப்பு வயல்வட்டைகளில் சூடு மிதித்த (கதிரை மிதித்து நெல்லைப் பிரித்த) காலத்தில், களத்துக்குள் நின்றுகொண்டு நெல்லைப் 'பொலி' என்பார்கள். களத்துக்கென்றே இப்படித் தனிச்சொற்கள் இருந்தன. வயலில் நிற்கும்வரை நெல்லாக இருந்தது, களத்துக்கு வந்ததும் வேறு பெயர் எடுக்கிறது. தானியத்தில் ஒன்றும் மாறவில்லை. 'பொலி'க்குள் விளைச்சல் பெருகட்டும் என்ற வேண்டுதல் உண்டு. ஆனாலும் அந்தச் சொல்லை நெல்லோடு கட்டியது களத்தில் நின்றவர்களின் உடன்பாடுதான். மொழி இயங்கும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் இதையே இடுகுறி, அதாவது காரணம் தெரியாமல் வழக்கத்தால் நிற்கும் பெயர், என்று படித்தோம். 'மரம்' என்ற ஒலியில் வேருமில்லை, கிளையுமில்லை. அம்பாறையில் பக்கத்து ஊர்ச் சிங்களவர் அதே மரத்தை 'கஹ' என்கிறார். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்கிறது தொல்காப்பியம்: ஒரு சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் என்பது வெளிப்படையாகத் தெரியாது. காரணமே இல்லை என்று அடித்துச் சொல்லவில்லை, அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். சுவிஸ் மொழியியலாளர் ஃபெர்டினான்ட் டி சொசூர் இதை மொழிக்குறியின் முதல் விதியாக வைத்தார். அவரது விரிவுரைகள் அவர் இறந்தபின் 1916இல் நூலாயின.

'கா கா' என்று கரைவதால்தானே காகம்? உண்மைதான். ஆனால் ஒலிக்குறிப்பும் அந்தந்த மொழியின் எழுத்துகளுக்குள் அடங்கியே வரும். 'கொக்கரக்கோ' என்று நாம் கேட்கும் கூவலை ஆங்கிலேயர் 'காக்கடூடுல்டூ' என்று கேட்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. வளைந்த உருவம் ஒன்று, கூர்முனை உருவம் ஒன்று. 'பூபா', 'கிகி' என்பவை பொருளற்ற சொற்கள். இந்த உருவங்களில் 'பூபா' எது, 'கிகி' எது? 25 மொழிகள் பேசும் 917 பேரிடம் இப்படிக் கேட்ட ஆய்வு 2022இல் வெளியானது. சுமார் 72 வீதமானோர் வளைந்ததைப் பூபாவோடும் கூரியதைக் கிகியோடும் சேர்த்தார்கள். ஒலிக்கும் உருவத்துக்கும் ஏதோ ஓர் இழை இருக்கிறது. அகராதி முழுவதையும் தாங்கும் வலு அதற்கில்லை.

அணிகளின் கதை வேறு. 'மீன்பாடும் தேன்நாடு' என்று எங்கள் ஊரான மட்டக்களப்பைச் சொல்கிறோம். மீன், தேன் எல்லாம் இடுகுறிகள். ஆனால் ஊரைத் தேன் என்றதற்குக் காரணம் கேட்டால் சொல்ல முடியும்: இனிமை. தேன் எதுவென்ற உடன்பாடு முதலில் இருந்தால்தான் உருவகம் அதன்மேல் ஏறி நிற்கும்.

அந்தக் காரணமும் காலத்தில் தேயும். எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு தேங்காயில் ஆட்டியதும் எண்ணெயானது, நிலத்தடியிலிருந்து வந்தது மண்ணெண்ணெய் ஆனது. கடையில் போத்தலை நீட்டி எண்ணெய் கேட்பவருக்கு எள் நினைவுக்கு வருவதில்லை. அவரளவில் அது மறுபடியும் இடுகுறி.